மிளகுக்கு ஆபரேஷன்

மார்ச் 3, செவ்வாய்
காலையில் மழை, பத்து மணிக்கு மேல் புழுக்கம். பிடோக் பஸ் இன்டர்சேஞ்சில் நான் ஓட்டும் பஸ்ஸின் வைப்பர் மக்கர்.

மிளகு கத்த ஆரம்பித்து மூன்றாம் நாள். பூனைக்குப் பருவம் வந்தால் இப்படியா? தரையில் உருளுது, வாசல் கேட்டைப் பிராண்டுது. சாயங்காலம் பார்த்தால் ஜன்னல் வலையில் ஓட்டை. தலையை வெளியே விட்டு நிக்குது. ஒன்பதாவது மாடி. பின்னங்காலைப் பிடித்து இழுத்தேன். கை முழுக்கக் கீறல்.

“கருத்தடை செஞ்சிடலாம்” என்றேன் தங்கச்சி மங்கையிடம்.

“வேணாம். கத்தினா கத்தட்டும்.”

காரணம் கேட்டேன். துணி மடிக்கப் போய்விட்டாள். அவளுக்கும் எனக்கும் கல்யாணம் ஆகலை. இந்த வீட்டில் நாங்கள் ரெண்டு பேர்தான், ஒரு வருஷமாக மிளகும். ஒரு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு பிடிவாதமா அவளுக்கு?

மார்ச் 5, வியாழன்
ஆஃப் டே. சிராங்கூன் ரோடு பக்கம் பூனை டாக்டர். தமிழ்ப் பொண்ணு, நிதானமாகப் பேசினார். மறந்துவிடும் என்று அங்கேயே குறித்துக்கொண்டது:

செய்தால் – கத்தல் நிற்கும். வெளியே ஓடப் பார்க்காது. கர்ப்பப்பையில் சீழ் பிடிக்காது (வயசான பிறகு வந்தால் உயிருக்கே ஆபத்தாம்). மார்க்கட்டி வாய்ப்பு குறையும்.
செய்தால் பயம் – மயக்க மருந்து. ரத்தம். தையலை நக்கிக் கெடுத்துக்கும். பிறகு குண்டாகும், சாப்பாடு அளந்து வைக்கணும்.

ஒரு தடவை குட்டி போட்ட பிறகு செய்தால் நல்லதா என்று கேட்டேன். அப்படி ஒண்ணும் இல்லை அங்கிள் என்றார்.

பிறகு நெஞ்சில் ஸ்டெத் வைத்து ரொம்ப நேரம் கேட்டார். “இதயத்துல லேசா ஒரு சத்தம் இருக்கு. நிறைய பூனைக்கு இருக்கும், ஒண்ணும் செய்யாது. ஆனா ஸ்கேன் பாக்காம மயக்கம் கொடுக்க மாட்டேன்.”

மங்கையிடம் சொன்னேன். “நான்தான் சொன்னேனே” என்றாள். அவள் எங்கே சொன்னாள்?

மார்ச் 8, ஞாயிறு
நல்ல வெயில். தேக்கா சந்தையில் கூட்டம். நெத்திலி, முருங்கைக்காய், கறிவேப்பிலை.

நேற்று ஸ்கேன். இதயம் நன்றாக இருக்கு. கத்தலும் அடங்கிவிட்டது. ரெண்டு வாரம் போகட்டும், 20ஆம் தேதி செய்யலாம் என்கிறார் டாக்டர்.

மங்கை நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். திடீரென்று சொன்னாள்: “மயக்கத்துலேருந்து முழிக்கிறது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியாதுண்ணே.”

போன வருஷம் அவளுக்குக் கர்ப்பப்பைக் கட்டி ஆபரேஷன். நான் அன்று ஷிப்ட் முடித்து ஆறு மணிக்குப் போனேன். இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், சிரித்தாள்.

“முழிச்சது ரெண்டு மணிக்கு. எங்க இருக்கேன்னே தெரியல. நர்ஸ் என் பேரைச் சொல்லிக் கூப்பிடுறாங்க, யாரைக் கூப்பிடுறாங்கன்னு பாக்குறேன். யாருமே தெரிஞ்ச முகமில்ல.”

மீனை அலசினேன்.

அலசி முடிக்கும்போது அவளே: “செய்யலாம். ஆனா அது முழிக்கும்போது நம்மள்ல ஒருத்தர் பக்கத்துல இருக்கணும்.”

மார்ச் 20, வெள்ளி
லீவு. மேகமூட்டம். மிளகு நேற்று இரவிலிருந்து பட்டினி, டாக்ஸி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தது.

ஃபாரத்தில் ‘ஆபத்துகள் விளக்கப்பட்டன’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்து. ரெண்டு தடவை படித்துவிட்டுப் போட்டேன்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பு. மங்கை ஒரே பத்திரிகையை மூன்று தடவை புரட்டினாள். பிறகு டாக்டர் வந்து, நல்லா முடிஞ்சது, ஒருத்தர் மட்டும் உள்ளே வரலாம் என்றார். மங்கையைப் பார்த்தேன்.

“நீங்க போங்க” என்றாள்.

சின்ன ஸ்டூல். கம்பளிக்குள் மிளகு, நாக்கு ஓரமாக வெளியே, வயிற்றில் முடி மழித்து ஒரு கோடு. கண் பாதி திறந்தது, என்னைத் தெரியலை. பேரைச் சொல்லிக்கொண்டே இருந்தேன். பத்து நிமிஷம் இருக்கும். பிறகு தலையைத் தூக்கி என் விரலை மோந்தது. எனக்கு மூக்கு ஒழுகியது, நர்ஸ் டிஷ்யூ கொடுத்தார்.

வெளியே வந்தேன். “முழிச்சிட்டா.”

“என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லல. எச்சில் ஒழுக விட்டா.”

மங்கை சிரித்தாள். வழியில் ஆப்பம் வாங்கினோம்.

மார்ச் 31, செவ்வாய்
தையல் பிரித்தாச்சு. காயம் சுத்தம். பதினோரு நாளாக மாத்திரை கொடுத்தது மங்கை, அதனால் அவள் மேல்தான் கோபம். என் மடியிலேயே படுக்கை. அவளுக்குப் பொறாமை, லேசாக.

சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். “உன் ஆபரேஷன் அன்னிக்கு நான் லீவு போட்டிருக்கணும்.”

பரவாயில்லை என்பாள் என்று நினைத்தேன்.

“ஆமா, போட்டிருக்கணும்” என்றாள். என் தட்டில் இன்னும் ஒரு கரண்டி ரசம் ஊற்றினாள்.