சதுப்பைப் பார்த்து விட்ட ராக்கெட்

என் சரோஜாவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. போன வாரம் முதல் திதியை நல்லபடியாகக் கொடுத்துவிட்டோம். பெங்களூரிலிருந்து வந்த தேவி, கார்த்திகை வரை இருந்துவிட்டுப் போகிறேன் என்றாள். உன் மகள் வைக்கும் சாம்பாரும் உன் கைப்பதம்தான். அதாவது உப்பு கொஞ்சம் தூக்கல்.

உனக்கு ஒரு சேதி. நம் பள்ளிக்கரணையில், சதுப்பு நிலத்தை ஒட்டிய தெருக்களில், மேலே போய் வெடிக்கிற பட்டாசு எதையும் இனி விடக் கூடாது. தீபாவளிக்குக் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்பது ஊருக்கெல்லாம் உள்ள கட்டுப்பாடு. இது நமக்கு மட்டும் கூடுதலாக. கோரை காய்ந்து கிடந்தால் ஒரு பொறி போதும் என்று தெருமுனையில் போர்டே வைத்துவிட்டார்கள்.

இஸ்திரி போடும் அஞ்சலை அதைப் பார்த்துவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டாள். "இன்னா சார், ராக்கெட்டே வுடக் கூடாதாமே? அம்மா இருந்திருந்தா இந்நேரம் போர்டாண்ட நின்னு சண்ட போட்டுகினு இருக்கும்!" நான் சிரித்து வைத்தேன். அந்தத் தடையைக் கேட்டுக் கொடுத்த மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? உன்னைக் கேட்காமல் நான் போட்ட ஒரே கையெழுத்து அதுதான்.

கம்பி மத்தாப்பையே கையை எட்ட நீட்டிப் பிடிக்கிற ஆள் நான். நீயோ புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, மொட்டை மாடியில் பாட்டிலுக்குள் ராக்கெட்டைச் சொருகி, சதுப்புப் பக்கமாகச் சாய்த்து வைப்பாய். "ரோட்டுப் பக்கம் வீடுங்க இருக்கு. இந்தப் பக்கம் யாரு இருக்கா?" என்பாய். தெருவே அப்படித்தான் நினைத்தது. ஆளில்லாத பக்கம் என்று எல்லாரும் அங்கேதான் விட்டோம். ராக்கெட் போகும்போது உன் முகத்தைப் பார்க்கத்தான் நான் மாடி ஏறுவேன். மேலே என்ன கலரில் வெடித்தது என்று எனக்குத் தெரியவே தெரியாது.

ஒரே ஒரு தடவைதான் ராக்கெட்டைப் பார்த்தேன். மழை தள்ளிப்போன அந்தத் தீபாவளி. கோரை பற்றி எரிந்து, தீயணைப்பு வண்டி வந்து, தெரு முழுக்கப் புகை. மறுநாள் காலையில் கரிக்குள் ஒரு நீர்க்கோழி அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நீ அழுதாய். "நம்மளுதா இருக்குமோங்க?" என்று கேட்டாய். "சேச்சே, நம்மளுது நேரா மேல போச்சு. இது பின்தெருவுலேருந்து வந்தது. நான்தான் பாத்தேனே" என்றேன்.

பொய், சரோ. நம்முடையதுதான். பாட்டில் சரிந்து, ராக்கெட் வெடிக்காமல் தாழப் போய்க் கோரைக்குள் விழுந்தது. நீ அடுத்ததை எடுக்கக் குனிந்திருந்தாய். உன் சந்தோஷம் அதோடு போய்விடுமே என்று பயந்தேன்.

அதற்கப்புறமும் வருஷா வருஷம் உனக்கு ஒரு பெட்டி ராக்கெட் வாங்கி வந்தேன். நீ அதை அப்படியே எடுத்து வைத்து, "கார்த்திகைக்கு இருக்கட்டுங்க" என்பாய். எல்லா வீட்டிலும் நடப்பதுதானே என்று நானும் விட்டுவிட்டேன். கார்த்திகை அன்று மழை வரும், இல்லையென்றால் விருந்தாளி வருவார்கள். கடைசியாக வாங்கிய பெட்டிக்குக் கார்த்திகை வருவதற்குள் நீயே போய்விட்டாய்.

நேற்று கார்த்திகை. அகல் எடுக்க லாஃப்டில் கை விட்டபோது அந்தப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. எனக்கு என்ன ஆனது என்று தெரியவில்லை. உன்னைப் பார்க்க வேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான். மழை பெய்து எல்லாம் ஈரமாகத்தானே இருக்கிறது, ஒன்றே ஒன்று விட்டால் என்ன என்று ஒரு ராக்கெட்டையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். தடை கேட்டு முதல் கையெழுத்துப் போட்ட பெரிய மனுஷன்! பாட்டிலைச் சாய்த்து வைக்கும்போது விளக்குத் தட்டோடு தேவி வந்துவிட்டாள்.

"வேணாம்பா. அம்மாவே விடல."

"கார்த்திகைக்குன்னு எடுத்து வச்சதும்மா இது."

"அது உங்களுக்குச் சொன்ன சாக்கு. அன்னிக்கு ராக்கெட் எங்க விழுந்துச்சுன்னு அம்மாவும் பாத்தாங்க. அப்புறம் அவங்க தொடவே இல்ல. அப்பாகிட்ட ஏம்மா சொல்லலன்னு நான் கேட்டேன். 'உங்கப்பா என்னைக் காப்பாத்திட்டதா நெனச்சுக்கிட்டு இருக்காரு. இருந்துட்டுப் போகட்டும்'னாங்க."

பாட்டிலிலிருந்து ராக்கெட்டை உருவிவிட்டேன். அப்படியானால் தெரிந்துகொண்டேதான் என்னைக் கேட்டாயா? நான் உண்மையைச் சொல்வேன் என்று காத்திருந்தாயா? நான் பொய் சொன்னதும் உனக்குக் கோபம் வந்ததா, பாவம் என்று இருந்ததா? ஒரே வீட்டில், ஒரே துக்கத்தை ஆளுக்கொரு பக்கமாக ஒளித்து வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் காபி குடித்திருக்கிறோம். சேர்ந்து அழுதிருக்கலாமே, சரோ. அதற்காவது ஒரு நாள் திரும்பி வரமாட்டாயா?

ராக்கெட்டுகளை எல்லாம் பக்கெட் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டோம். அப்புறம் தேவியும் நானும் சுவர் நெடுக விளக்கு வைத்தோம். காற்றில் பாதி அணைந்துவிட்டது.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அன்று நெருப்பு வைத்தது யார் என்று இந்தத் தெருவில் இனி யார் கேட்டாலும் வாயை மூடிக்கொண்டு இருக்க மாட்டேன். முதலில் நான் பழி போட்ட பின்தெருவுக்கே போய்ச் சொல்கிறேன். நீ விட்டாய் என்று சொல்ல மாட்டேன், நான் விட்டேன் என்றும் சொல்ல மாட்டேன். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து விட்டோம் என்று சொல்வேன்.

இன்னமும் உன் வீட்டுக்காரனாகவே இருக்கும்,
கோபால்