முத்திரை குத்தும் சத்தம்

மச்சான்,

இன்று காலை அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது உன் நீல ஜாக்கெட் கையில் தட்டுப்பட்டது. டண்டினோங் பக்கம் அந்தக் குளிர்பதனக் கிடங்குக்கு மீன் பெட்டி அடுக்கப் போகும்போது போட்டுக்கொண்டு போவாயே, அதேதான். பைக்குள் கைவிட்டு முகர்ந்து பார்த்தேன். வறுத்த அரிசி மாவின் வாசம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. "இதை இன்னுமா போட்டுக்கிட்டிருக்கீங்க? யாருக்காவது குடுத்துடலாமே" என்றாள் என் மனைவி. நான் அதை மடித்துத் திரும்ப அலமாரியிலேயே வைத்தேன்.

2012இல் நாம் இருவரும் ஸ்பிரிங்வேல் புறநகரில், யாழ்ப்பாணத்து அன்ரி ஒருவரின் வீட்டுப் பின்னறைகளில் வாடகைக்கு இருந்தோம். நான் திருநெல்வேலிக்காரன், கிளேட்டனில் உள்ள பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவன். நீ யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து படகில் வந்து, முகாமில் கிடந்து, அப்போதுதான் விசா கிடைத்து வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாய். கடவுச்சீட்டுக்குப் பதிலாக அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் பத்திரம் உனக்கு வந்திருந்தது. சும்மா இருக்கும்போதெல்லாம் அதன் வெற்றுப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருப்பாய். அதில் படிக்க ஒன்றுமில்லையே என்று நான் கிண்டல் செய்வேன்.

ஒரு ஞாயிறு, கிர்கிஸ்தானின் மலை ஏரி ஒன்றின் படத்தை உனக்குக் காட்டினேன். பழைய சோவியத் நாடு, குதிரைக்காரர்களின் கம்பளிக் கூடாரத்திலேயே தங்கிக்கொள்ளலாம், செலவு குறைவு என்று அளந்துகொண்டே போனேன். நீ ஏரியைப் பார்க்கவே இல்லை.

"அங்க போனா இதில முத்திரை குத்துவாங்களோ?"

"எந்த நாட்டுக்குப் போனாலும் குத்துவாங்கடா."

"அப்ப போவம்."

எனக்கு அது சாகசம். உனக்கு அது வேறு என்று புரிய எனக்குச் சில வாரம் பிடித்தது. டண்டினோங் மலைப் படிகளில் முதுகுப்பையோடு பயிற்சிக்காக ஏறிக்கொண்டிருந்தபோது சொன்னாய்: "நான் ஒருக்காப் பேப்பர் இல்லாமக் கடல் தாண்டினனான், மச்சான். இந்தமுறை வாசலால போகவேணும். ஒருத்தன் என்ர பேரை வாசிச்சு, முகத்தைப் பாத்து, உள்ள போ எண்டு சொல்லவேணும்." நான் நாய் மாதிரி இரைத்துக்கொண்டே உன் பின்னால் ஏறினேன்.

அந்த ஆயத்தங்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அங்கே வெறும் ஆட்டிறைச்சிதான் என்று யாரோ சொல்ல, நீ பத்து நாளைக்கு ஒன்பது கிலோ புட்டு மாவு வறுத்துவிட்டாய். நெத்தலிக் கருவாட்டுச் சம்பல் தனி. குளியலறை எடைக்கருவியில் பையும் கையுமாக ஏறி நின்று, முள்ளைப் பார்க்கவிடாமல் கத்துவாய்: "அது என்ர நிறை!" மலைவழியில் தங்க நீ வாங்கிய கூடாரத்தை அன்ரியின் கொல்லையில் அடித்துப் பார்த்தோம். அன்ரி குசினி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "முகாம் கூடாரத்தால தப்பி வந்த பிள்ளை திரும்பக் கூடாரத்துக்குள்ள போகுதே" என்று கண் கலங்கினார். நீ உள்ளேயிருந்து தலையை நீட்டி, "அன்ரி, இது நான் கடையில பாத்து வாங்கின கூடாரம்!" என்றாய். கூடாரத்தில் ஒரு கம்பு கழன்று உன் தலைமேல் விழுந்தது. அன்ரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு அந்த விசாப் படிவம். "நீ படிச்சனீ, நீயே நிரப்பு" என்று பத்திரத்தை என் பக்கம் தள்ளினாய். நம் ஆட்களுக்குக் குடும்பப்பெயர் ஏது? அப்பாவின் பெயர், நம் பெயர், அவ்வளவுதான். உன் பத்திரத்தில் குடும்பப்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் உன் பெயரும், முதற்பெயர் இடத்தில் அப்பாவின் பெயரும் இருந்தன. யாரோ ஒரு குமாஸ்தா மாற்றிப் போட்டுவிட்டான் என்று நானே முடிவு செய்து, படிவத்தில் "சரியாக" எழுதினேன். உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ எதிரில்தான் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாய்.

பயணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது விசாக் கடிதங்கள் வந்தன. என்னுடையது சரியாக இருந்தது. உன்னுடையதில், நான் எழுதியபடியே, பெயர்கள் இடம் மாறியிருந்தன. பத்திரத்தில் உள்ளபடி இல்லாவிட்டால் விமானத்தில் ஏற்ற மாட்டோம் என்றார்கள் விமான நிறுவனத்தார். திருத்த மூன்று வாரம் ஆகும் என்றார் பயண முகவர். நான் தொலைபேசியை வைத்துவிட்டு உன் முகத்தைப் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

நீ கடிதத்தை வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் படித்தாய். "அப்பான்ர பேருக்கெல்லோ விசா வந்திருக்கு" என்றாய். "அந்த மனுசன் யாழ்ப்பாண ரவுனுக்கே வருசத்தில ரெண்டு தரந்தான் போனது. இப்ப பார், அவரைக் கிர்கிஸ்தான் கூப்பிடுது." உன் அப்பா போரின் கடைசி மாதங்களில் போய்விட்டவர். நீ சிரித்தாய். எனக்குத்தான் அழுகை வந்தது. நீ திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நானும் போகவில்லை என்று சொன்னேன். நீ விடவில்லை. வேலைக்கு விடுப்புச் சொல்லி விமான நிலையம் வரை வந்தாய். இந்த ஜாக்கெட்டைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டு, பையில் ஒரு பொட்டலம் மாவையும் திணித்தாய். "முத்திரை குத்தேக்க எப்பிடிச் சத்தம் கேக்குதெண்டு வந்து சொல்லு. போயிட்டு வா."

கிர்கிஸ்தானின் பிஷ்கெக் விமான நிலையத்தில் நான் மலையையும் ஏரியையும் மறந்துபோய், அந்த அதிகாரியின் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்த அன்று நீ கேட்ட முதல் கேள்வியும் அதுதான். அன்ரியின் மேசையில் முஷ்டியால் குத்திக் காட்டினேன். டக். "இன்னொருக்கா" என்றாய். திரும்பவும் குத்தினேன். "ஆர் அங்க தேங்காய் உடைக்கிறது?" என்று குசினியிலிருந்து அன்ரியின் குரல் வந்தது. நீ என் கடவுச்சீட்டை வாங்கி, அந்த மையின் மேல் கட்டைவிரலால் மெல்லத் தடவினாய்.

அடுத்த வருடம் சேர்ந்து போவதாக இருந்தோம். அடுத்த ஜூலையில், வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். முப்பத்து நான்கு வயது. இங்கே உனக்குச் சொந்தம் என்று யாரும் இல்லாததால், ஈமக்காரியம் செய்யும் நிலையத்தில் இறப்புப் பதிவுப் படிவத்தை என் முன் வைத்தார்கள். பக்கத்தில் இருந்த அன்ரி, "தம்பி, பாத்து எழுதும்" என்றார். உன் பயணப் பத்திரத்தை மேசைமேல் திறந்து வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து, உன் பெயர் இருக்கும் இடத்தில் உன் பெயரையும், அப்பா பெயர் இருக்கும் இடத்தில் அப்பா பெயரையும் எழுதினேன். எதையும் திருத்தவில்லை.

இப்போதும் சனிக்கிழமைகளில் ஸ்பிரிங்வேல் நூலகத்தில் புதிதாக வந்தவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். பேனாவை எடுக்குமுன், "உங்க பேப்பர்ல எப்படி இருக்கு?" என்று கேட்டுவிடுவேன். அந்தக் கேள்வியை நான் உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். குளிர்காலத்தில் அங்கே போகும்போது உன் ஜாக்கெட்டைத்தான் போட்டுக்கொள்கிறேன். அதை எப்படி யாருக்காவது கொடுப்பது?

ஒன்றை மட்டும் உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். அன்றைக்கு நான் எழுதிக் கொடுத்த படிவத்தை அந்த ஈமக்காரிய நிலையத்துப் பெண் வாங்கினாள். உன் பெயரை மெதுவாக வாசித்தாள், உன் படத்தைப் பார்த்தாள், முத்திரையை எடுத்துக் குத்தினாள். அதே சத்தம்தான், மச்சான். டக்.