கடித்தவனிடம் கேட்ட கேள்வி

இன்றைக்கு ஊரிலிருந்து வந்த பொதியில் புழுக்கொடியல் இருந்தது. ஒன்றை முறித்தேன். அவித்துக் காய்ந்த பனங்கிழங்கின் அந்த வாசம் வந்ததும், அரியாலையில் நீர் நடத்திய பாலர் வகுப்புக் கொட்டில் கண்ணுக்குள் வந்துவிட்டது. இதைக் கடிக்க எனக்கு இப்போது பல் இல்லை. இருந்தாலும் வாயில் வைத்துக்கொண்டுதான் உமக்கு எழுதுகிறேன், ரீச்சர்.

எங்கள் வீட்டடியில் ஷெல் விழுந்த பிறகுதான் என் மகன் கடிக்கத் தொடங்கினான். நாலு வயது. பக்கத்தில் எந்தப் பிள்ளை இருந்தாலும் கடி. ஒரு சின்னப் பெட்டையின் கையில் பல்லுப் பதிந்த அன்று தாய்மார் கொட்டிலின் வேலிப் படலையடியில் கூடிவிட்டார்கள். "இவன் வந்தால் எங்கடை பிள்ளையள் வராதுகள், ரீச்சர்." எனக்கு வெட்கம் தாங்கவில்லை. அவனை அடிக்க வேலியில் பூவரசங்கம்பு முறித்தேன்.

நீர் கம்பைப் பறித்தீர். அந்தப் பெட்டையின் கைக்கு மருந்து போட்டுவிட்டு, கடித்தவனுக்கு முன்னால் குந்தினீர்.

"என்ரை ராசாவுக்கு எங்கை நோகுது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடித்தவனுக்கா நோ? அவனோ காதைப் பொத்திக்கொண்டு, "ஹெலி வருது" என்றான். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் உண்மையாகவே ஹெலிகொப்டர் இரைந்தது. எல்லோரும் வளவில் வெட்டியிருந்த பங்கருக்குள் இறங்கினோம். அங்கேதான் தாய்மாரிடம் சொன்னீர்: "இவனை இண்டைக்குக் கலைச்சால் எங்கை போவான்? இந்த ஊரிலைதானே வளரப்போறான்."

மறுநாள் அவன் சட்டைப்பையில் புழுக்கொடியல் துண்டொன்று வைத்தீர். ஹெலி இரைந்தால் அதைத்தான் கடிக்க வேண்டும். ஒரு மாதம் இருக்கும். பங்கருக்குள் அதைக் கடித்து முறித்து, பாதியை அந்தப் பெட்டையிடம் நீட்டினான். முழுக்க எச்சில். அவளும் வாங்கி வாயில் போட்டாள். அவளின் தாய் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் அழுதேன். நீர் இருக்கும்வரை அதற்கு ஒரு நன்றி சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

போன கிழமை, விளையாட வந்த பிள்ளையை என் பேத்தி கிள்ளிவிட்டாள். நான் கை ஓங்கினேன். இந்த வயதிலும் எனக்குப் புத்தி வரவில்லை. மகன் அவளுக்கு முன்னால் குந்தினான்.

"என்ரை ராசாத்திக்கு எங்கை நோகுது?"

"உப்பிடிக் கேக்க ஆரடா உனக்குச் சொல்லித் தந்தது?" என்றேன்.

"ஆரம்மா சொல்லித் தாறது? எல்லாரும் உப்பிடித்தானே கேக்கிறவை."

உம்முடைய முகம்கூட அவனுக்கு ஞாபகமில்லை. நான் அவனைத் திருத்தவில்லை. ஓங்கிய கையை இறக்கினேன். எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள் என்று நம்பும் ஒருவனை என் வீட்டில் விட்டுவிட்டுத்தான் நீர் போயிருக்கிறீர்.