சும்மா இருந்த கால்

பிலிப்பைன்ஸ், ஆகஸ்ட் 2008

அன்புள்ள அப்பாவுக்கு, மாறன் வணக்கத்தோட எழுதுறேன். நான் சுகம். உங்க முட்டிவலி தேவலையா? கடலடி மேட்டுல வலைக்கு மீன் படுதா?

போன வாரம் ரெட்டை எஞ்சின் விமானம் ஓட்டிப் பழகுறப்ப, பெட்ரோல் டேங்க் மாத்த மறந்துட்டேன். கடலுக்கு மேல ஒரு எஞ்சின் நின்னுபோச்சு. பயப்படாதீங்க, டேங்க் மாத்தினதும் ஓடிடுச்சு. ஆனா அதுவரைக்கும் செத்த எஞ்சினோட விசிறியும் காத்துல சுத்திக்கிட்டே இருந்துச்சு. எது செத்ததுன்னு கண்ணுக்குத் தெரியல. செத்ததை அணைக்கிறதா நினைச்சு நல்லதை நிறுத்தியிருந்தா அவ்வளவுதான்.

"கண்ணை நம்பாத"ன்னாரு வாத்தியார். "விமானத்தை நேராப் பிடிக்க ஒரு கால் மிதிச்சுக்கிட்டு இருக்கும். எந்தக் கால் சும்மா இருக்கோ, அந்தப் பக்கந்தான் செத்தது."

எனக்குச் சும்மா இருந்தது இடது கால்.

அம்மாவோட பழைய புடவை நாலைச் சேர்த்துத் தைச்சு, போர்த்திக்கக் கனமா அனுப்பச் சொல்லுங்க. பயிற்சிக்குப் போற வேன் வந்துடுச்சு, முடிக்கிறேன். புடவை குளிருக்கு இல்லப்பா, கால் மேல பாரத்துக்கு. படுத்தா ரெண்டு காலும் சும்மா கிடக்குது.

உங்கள்
மாறன்