ஒரு எட்டு வந்துவிட்டுப் போங்கள்

2009 ஜூன் 2, செவ்வாய்

வெயில் தாளவில்லை. காலை பத்திலிருந்து கரண்ட் இல்லை. இன்றைய வேலை: நாடக சங்கத்துக்கு என் பயோடேட்டா. மூத்த நடிகர்களுக்குப் பாராட்டு விழாவாம். செயலாளர் ஒரே பக்கத்தில் கேட்கிறார்.

அ. லூர்துசாமி, வயது 59, கடலூர் முதுநகர்.
மேடை: 41 நாடகங்கள். முதல் வேஷம் எங்கள் சர்ச் பங்குத் திருவிழாவில், ஈட்டி பிடித்த சேவகன். வசனம் இல்லை.
சினிமா: 9. வசனம் உள்ளவை 4. ஏட்டு மூன்று தடவை, பூசாரி, பெண்ணுக்கு அப்பா, பிணம், மீதி கூட்டத்தில் ஒருவன். பிணமாக மூன்று நாள் படுத்தேன். திரையில் வந்தது கால் மட்டும்.
பரிசு: புதுச்சேரி போட்டியில் சிறந்த நடிகர். எமன் வேஷம்.

எமனைப் பற்றித் தனியாக இரண்டு வரி வேண்டுமாம். எழுதி எழுதி அடித்தேன். ‘தண்ணீர் கேட்டு வந்தவர்’ நாடகத்தில் முதலில் எனக்கும் கிரீடம், பாசக்கயிறு, ஒட்டுமீசை எல்லாம் இருந்தன. திருவந்திபுரத்தில் ஒரு தடவை மழையில் கிரீடத்து ஜிகினாத்தாள் ஊறி உரிந்துபோனது. வேறு வழி இல்லை. போட்டிருந்த வெள்ளைச் சட்டையோடு, குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு மேடை ஏறினேன். “வெயில் ஜாஸ்தி. கொஞ்சம் தண்ணி குடுங்க. உக்காந்துட்டுப் போறேன்.” கூட்டம் அப்படியே அடங்கிவிட்டது. அன்றிலிருந்து என் எமன் வெள்ளைச் சட்டைக்காரன்.

எமன் நுழைகிற வீட்டின் சொந்தக்காரராக நடித்தது சிதம்பரம் கலியபெருமாள். கலியன். உறவு இல்லை, ஆனாலும் இருபது வருடமாக மச்சான், மச்சான்தான். முடிவில் நான் “கெளம்பலாமா?” என்பேன். அவன் “சட்டை மாத்திக்கினு வந்துடறேனே” என்பான். பெண்கள் பக்கத்தில் விசும்பல் கேட்கும்.

அந்த நாடகத்தை சி.டி. போட்டார்கள். லோக்கல் கேபிளில் இரண்டு வருடமாகத் திரும்பத் திரும்ப ஓடுகிறது. இதையும் எழுதினேன்.

எழுதாதது: ஏப்ரலில் அண்ணாகிராமம் பக்கம் பலாப்பழம் வாங்கப் போனது. தாகம். வழியில் ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டேன். உள்ளே கட்டிலில் கிடந்த பெரியவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். “வந்துட்டீங்களா” என்றார். அன்று சாயங்காலமே போய்விட்டார் என்று பழக்காரர் பிறகு சொன்னார். மனைவி ஸ்டெல்லாவிடம் சொல்லவில்லை.

ஜூன் 4, வியாழன்

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. ஸ்டெல்லா டீச்சர் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் வாசலில் ஒரு ஆள். நாற்பது வயது இருக்கும். பெண்ணாடம் பக்கம், கரும்பு விவசாயம், பெயர் செல்வராசு. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

“எங்கப்பா படுத்து அம்பது நாளாவுது அய்யா. சோறு தண்ணி எறங்கல. உசுரும் போவல. முதுவுல புண்ணு. பாக்க முடியல.”

“நல்ல டாக்டரா பாருங்க தம்பி.”

“பாத்தாச்சு. வூட்டுக்கு எடுத்துனு போவச் சொல்லிட்டாங்க. நீங்க ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. ஒண்ணும் பண்ண வேணாம். சும்மா பக்கத்துல உக்காந்தா போதும்.”

புரிய ஒரு நிமிடம் ஆனது. அண்ணாகிராமம் விஷயம் பெண்ணாடம் வரை போயிருக்கிறது. சத்தம் போட்டு அனுப்பிவிட்டேன். ஸ்டெல்லா செருப்பு மாட்டியபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். “ஏப்ரல்ல என்ன நடந்துச்சு?” சொன்னேன். பஸ்ஸை விட்டுவிட்டாள்.

மத்தியானம்: தெருமுனை டீக்கடையில் செல்வராசு இன்னும் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். கூப்பிடவில்லை. அழுதான்.

ஜூன் 7, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து நேரே பஸ். விருத்தாசலம், பிறகு பெண்ணாடம். ஸ்டெல்லாவுக்குத் தெரியும். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

ஏன் போனேன்? இரக்கம். உண்மை. ஆனால் இன்னொன்றும் இருந்தது. இந்த ஒரு வேஷத்தைத்தான் ஜனங்கள் நிஜம் என்று நம்புகிறார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. இதை யாரிடமும் சொல்ல முடியாது.

அந்தத் தெருவில் சத்தமே இல்லை. ஆட்கள் இருந்தார்கள். நான் நடக்க நடக்க ஒவ்வொருவராக எழுந்து உள்ளே போனார்கள். கதவைச் சாத்தவில்லை, வெறுமனே உள்ளே போனார்கள்.

பெரியவர் எலும்பும் தோலும். கண் மட்டும் தெளிவு. பக்கத்தில் முக்காலி போட்டார்கள். உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு என் தோளுக்கு மேலே, வாசல் பக்கம் பார்த்தார்.

“கூட வந்தவரு ஏன் வெயில்ல நிக்கிறாரு? உள்ள வரச் சொல்லுங்க.”

திரும்பிப் பார்த்தேன். வாசலில் யாரும் இல்லை. வெயில் மட்டும்.

செல்வராசு என்ன நினைத்தானோ, வாசலுக்குப் போய், “வாங்க” என்றான்.

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கூட்டம் நிறைய. வடலூர் வரை என் பக்கத்து இடம் காலியாகவே வந்தது.

ஜூன் 8, திங்கள்

செல்வராசு போன் பண்ணினான். விடிகாலையில் முடிந்ததாம். தூக்கத்திலேயே. “நல்லபடியா போயிட்டாரு. கோடி புண்ணியம் அய்யா.”

ஜலதோஷம். இரண்டு மாத்திரை. பயோடேட்டா பிரதி எடுக்க வேண்டும்.

ஜூன் 14, ஞாயிறு

ஞாயிறு மத்தியானம் பங்கில் நோயாளிகளைப் பார்க்கப் போகிற குழு. பன்னிரண்டு வருடமாக நான் அதில் இருக்கிறேன். ஆரஞ்சு, ஜெபமாலை, பத்து நிமிடப் பேச்சு. இன்று ஃபாதர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“கொஞ்ச நாளைக்கு நீங்க வர வேணாம்ணே.”

“ஃபாதர், நீங்களுமா?”

“நான் நம்பல. ஆனா முந்தாநாள் ஜன்னல் வழியா உங்களைப் பாத்துட்டு அந்தோணியம்மா பாட்டி ரெண்டு நாளா கண்ணைத் தொறக்க மாட்டேன்னுது. பயந்துகினு கெடக்குது. நான் என்ன செய்ய?”

சரி என்றேன். ஆரஞ்சை ஃபாதரிடமே கொடுத்துவிட்டேன்.

ஜூன் 17, புதன்

கலியனை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்களாம். கல்லீரல். மாதக்கணக்கில் இல்லை, வாரக்கணக்கு. எனக்கு யாரும் சொல்லவில்லை. எங்கள் நாடக மேக்கப் ஆள் சொல்லித்தான் தெரிந்தது. பதினொரு மணிக்கே சிதம்பரம் பஸ் பிடித்துவிட்டேன்.

கீழவீதிக்குப் பின்னால் சந்து. கேட்டில் கையை வைத்தேன். கலியன் மனைவி வசந்தா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். எத்தனை நாள் என் கையில் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்து வேன் ஏற்றி அனுப்பியவள். கேட்டை உள்பக்கமிருந்து பிடித்துக்கொண்டாள்.

“அண்ணே, உங்க கால்ல வேணா வுழறேன். உள்ள வராதீங்க.”

“வசந்தா, நான்மா. லூர்து.”

“தெரியும்ணே. அதனாலதான் சொல்றேன்.”

உள்ளேயிருந்து அவன் இருமல் கேட்டது. எங்களுக்கு நடுவில் ஒரு கேட்டும் பத்தடி முற்றமும்தான். பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே திரும்பினேன். வாங்கிப் போன சாத்துக்குடியை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை.

ஸ்டெல்லா: “அவ இடத்துல நான் இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்.” பிறகு அவளே அழுதாள்.

ஜூன் 22, திங்கள்

புழுக்கம். மத்தியானம் போன். புது நம்பர். குரல் தேய்ந்திருக்கிறது, ஆனால் கலியன்தான்.

“மச்சான், சனிக்கெழம தேரு. வசந்தா பாக்கப் போவா. பக்கத்து வீட்டு அம்மாதான் இருக்கும், அதுக்குக் கண்ணு செரியா தெரியாது. பதினொண்ணுக்கு வா.”

“அவளுக்குத் தெரியாம வேணாம்டா.”

“எனக்காக வரியா, அவளுக்காக வரியா?”

வைத்துவிட்டான்.

ஜூன் 27, சனி

செய்தவை: மீசை எடுத்தேன். தலைக்கு மை. பூப்போட்ட சட்டை, காக்கி பேன்ட், கழுத்தில் கைக்குட்டை. நடையையும் மாற்றினேன், இடது காலை லேசாக இழுத்து. கண்ணாடியில் யாரோ ஒரு வேன் டிரைவர். பஸ்ஸில் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. நாற்பத்தொரு நாடகத்தில் இவ்வளவு பயந்து வேஷம் கட்டியதில்லை.

தேர்க் கூட்டம். சிதம்பரத்துக்குள் நடக்க முடியவில்லை. பக்கத்து வீட்டு அம்மா “யாருப்பா?” என்றது. “கேஸ் கம்பெனி” என்றேன்.

கலியன் மஞ்சளாகக் கிடந்தான். வயிறு மட்டும் பெரிதாக. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தான். சிரித்தால் வலிக்கிறது.

“இன்னாடா இது, சர்க்கஸ் கம்பெனி மாதிரி. நான் கூப்ட்டது உன்னை இல்ல மச்சான். அவரை.”

“போடா.”

“அந்த சீனைப் போடு. ஒரு தடவை. இத்தினி வருசம் உன்னோட நின்னு போட்டிருக்கேன். படுத்துகினு போட மாட்டேனா?”

அவனே ஆரம்பித்துவிட்டான். “யாருங்க? இன்னா வேணும்?” அதே ஏற்ற இறக்கம். என் வாய் தானாகப் பதில் சொன்னது. வெயில், தண்ணீர், மழை பொய்த்தது, பெண்ணின் கல்யாணம். ஒரு வரி தப்பவில்லை. சந்துக்கு வெளியே மேளம். அறைக்குள் குளிர்ந்தது போல இருந்தது. காலை இழுப்பதை எப்போது விட்டேன் என்று தெரியவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

என் கடைசி வரி வந்தது. அவன் காத்திருந்தான். நான் சொல்லவில்லை.

“உன் டயலாக்டா.”

“மறந்துபோச்சு.”

“நீயா மறப்ப?”

அவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். “ஏமாத்திட்ட மச்சான்” என்றான். வசந்தா வருவதற்குள் எழுந்து வந்துவிட்டேன்.

ஜூலை 3, வெள்ளி

கலியன் இருக்கிறான். மேக்கப் ஆள் தினமும் சொல்கிறார். நினைவு இல்லை. பேச்சு இல்லை. மூச்சு மட்டும் இழுக்கிறது. பால் ஊற்றினார்கள், துளசித் தண்ணீர் ஊற்றினார்கள். டாக்டர் திங்கள்கிழமையே முடிந்துவிடும் என்றாராம்.

ஒரு வரி. இரண்டு விநாடி. சொல்லியிருந்தால்?

இப்படி யோசிப்பதே பாவம். நான் ஏட்டாகவும் நடித்தேன். ஒருத்தரையும் கைது பண்ணவில்லை.

ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லிவிடலாம் என்று பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வரிசையில் நின்றுவிட்டுத் திரும்பினேன். எதைச் சொல்வது? செய்ததையா, செய்யாததையா?

ஜூலை 8, புதன்

மாலை நாலு மணி. ஸ்டெல்லா நோட்டு திருத்துகிறாள். போன். வசந்தா.

எடுத்ததும் சொன்னாள்:

“அண்ணே. பத்து நாளா அந்த இழுப்பைக் கேட்டுகினு இருக்கேன். என்னால முடியல.”

“சொல்லும்மா.”

“வாங்கண்ணே.”

“எப்படி வரணும் வசந்தா?” என்று கேட்டேன்.

“எப்பவும் வர்ற மாதிரி.”

ஸ்டெல்லா பேனாவை மூடினாள். “நாளைக்கு லீவு சொல்லிடறேன். தனியா அனுப்ப மாட்டேன்.”

ஜூலை 9, வியாழன்

ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தோம். வசந்தா இரண்டு கதவையும் திறந்து வைத்திருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை. ஸ்டெல்லா அவளைக் கட்டிக்கொண்டாள்.

கலியன் பக்கத்தில் உட்கார்ந்தேன். தொண்டை வறண்டு “கொஞ்சம் தண்ணி குடும்மா” என்றேன். கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று உறைத்தது. அறையில் இருந்த எல்லோரும் அசையாமல் நின்றார்கள். வசந்தா சொம்பைக் கொண்டுவந்தாள். தண்ணீர் தரையில் சிந்தியது. குடித்தேன்.

அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். மூச்சு வந்து வந்து நின்றது. நடிக்கக் கூடாது என்று வைராக்கியம். நடிக்கவும் இல்லை. ஷோ முடிந்து, வேஷம் கலைத்து, வேன் பக்கத்தில் நின்று அவனைக் கூப்பிடுவேனே, அப்படித்தான் கூப்பிட்டேன். “மச்சான், கெளம்பலாமா?”

கண் திறக்கவில்லை. விரல் மட்டும் அசைந்து தன் சட்டைப் பொத்தானைத் தேடியது. முதல் பொத்தான். இரண்டாவது. மூன்றாவதில் நின்றது.

பத்தேகால்.

வசந்தா அழுவதற்கு முன்னால் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடு வேண்டாம் என்று கத்தத் தோன்றியது.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். நான் சுடுகாட்டிலிருந்து வந்து, பைப்படியில் குளித்த பிறகு, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் ஸ்டெல்லாவும் நானும் கிளம்பினோம். சந்து முனையில் ஒரு பெண் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நின்றிருந்தாள். முப்பது வயது இருக்கும். ஈரத் தலை, சிவந்த கண்.

“அய்யா, எங்கம்மா நாலு மாசமா கெடக்குது. பக்கத்துலதான். ஒரு எட்டு...”

ஸ்டெல்லா என் கையைப் பிடித்து இழுத்தாள். “வாங்க, பஸ்சுக்கு நேரமாவுது.”

எந்தத் தெரு என்று கேட்டது நான்தான்.