உன்னிடம் நான் வாங்கிய தசமபாகம்

என் எஸ்தர் அக்கா,

ஊரே என்னைப் பாஸ்டர் என்று கூப்பிட ஆரம்பித்த பிறகும் நீ மட்டும் 'டேய் சாமு' என்றுதான் கூப்பிடுவாய். அந்தக் குரலைக் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. உன்னிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றைச் சபையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். உன்னிடம்தான் இன்னும் சொல்லவில்லை.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். அம்மா போனபோது எனக்கு ஏழு வயது, உனக்குப் பதினாறு. படாளத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்டு எனக்குச் சோறு போட்டாய். கல்யாணமாகி, கிரேஸ் பிறந்து, அவள் நடக்கத் தொடங்குவதற்குள் உன் வீட்டுக்காரரும் போய்விட்டார். அப்புறம் பொத்தேரியில் ஒரு காலேஜ் மாணவர் விடுதியின் மெஸ்ஸில் வேலை. விடிகாலை பாசஞ்சரைப் பிடித்து, செங்கல்பட்டில் மின்சார ரயில் மாறிப் போய், ஊரார் பிள்ளைகளுக்கு இட்லி அவித்துக் கொட்டினாய். அந்தச் சம்பளத்தில்தான் நான் ஊழியத்துக்குப் படித்தேன்.

கருங்குழியில் தகரக் கூரை போட்ட ஒரு வாடகை இடத்தில் சபையைத் தொடங்கினேன். அங்கே வந்த முதல் தசமபாகம் உன்னுடையது. சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு, வெள்ளைக் கவரில். அதற்குப் பிறகு ஒரு மாதம்கூட அது தவறியதில்லை.

ஒவ்வொரு வருஷமும் தசமபாகத்தைப் பற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்வேன், நினைவிருக்கிறதா? பத்தில் ஒன்று உன்னுடையது அல்ல, அதை வைத்துக்கொள்கிறவன் கடவுளிடமே திருடுகிறான் என்று சத்தம் போட்டுச் சொல்வேன். நன்றாகத்தான் பேசினேன். பெண்கள் பக்கத்திலிருந்து முதல் ஆமென் உன்னுடையதாகத்தான் இருக்கும்.

உன் கடைசி வருஷத்தின் தொடக்கத்தில் ஞானஸ்நானம் கொடுக்க எல்லோரையும் வேனில் ஏற்றிக்கொண்டு மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தின் கரைக்குப் போனோம். ஐந்து பேருக்குக் கொடுத்துவிட்டு, நனைந்த சட்டையைப் பிழிந்துகொண்டு நின்றேன். நீ பக்கத்தில் வந்தாய்.

"சாமு, ஒரு ரெண்டு மாசம் தசமபாகம் குடுக்காம இருந்தா தப்பாடா?"

"இன்னாக்கா, நீயே இப்டிக் கேக்கற? பாஸ்டரோட அக்காவே குடுக்கலன்னா ஜனங்களாண்ட நான் இன்னான்னு சொல்றது? கர்த்தரோட பங்குல கை வெக்காதக்கா."

"சரி வுடுடா, சும்மாத்தான் கேட்டேன்."

சிரித்தாய். புடவையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினாய். வேன்காரர் ஹாரன் அடித்தார், நான் அவரைப் பார்க்கப் போய்விட்டேன். வாழ்நாளில் தனக்கென்று எதுவுமே கேட்காத அக்கா இன்றைக்கு ஏன் இப்படிக் கேட்கிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஏன் தோன்றவில்லை அக்கா?

விடுதிக்குக் கோடை விடுமுறை விட்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாய். அதற்குள் மார்பிலிருந்த கட்டி அக்குள் வரைக்கும் பரவியிருந்தது. வருஷம் முடிவதற்குள் உன்னைப் படாளத்தில் மண்ணுக்குள் இறக்கினோம். ஆறுதல் சொல்லி ஜெபித்தவனும் நான்தான். உன் சித்தம் ஆகட்டும் ஆண்டவரே என்று.

முப்பதாம் நாள் ஜெபம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு, கிரேஸ் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

"மாமா, அம்மா அன்னிக்கு உங்களாண்ட கேக்கணும்னுதான் கடலுக்கு வந்துச்சு. கட்டி இருக்கறது அதுக்கு அப்பவே தெரியும். டெஸ்ட் எடுக்க நாலஞ்சு வாட்டி அலையணும், லீவு போட்டா சம்பளம் புடிப்பாங்க. என் ஃபீஸ நிறுத்த முடியாது, வூட்டு வாடகைய நிறுத்த முடியாது. தசமபாகத்த நிறுத்தலாமான்னு கேக்கத்தான் வந்துச்சு. திரும்பி வந்து, 'உங்க மாமா வாணாம்னுட்டான், காலேஜ் லீவு வுடட்டும், பாத்துக்கலாம்'னு சொல்லிச்சு."

 

உனக்கு வைத்தியம் பார்த்த டாக்டரம்மாவைத் தேடிப் போனேன். அந்த நாலு மாதம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். "இப்ப அதச் சொல்ல முடியாது சார்" என்றார். ஆம் என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். இல்லை என்றால் தூங்கியிருப்பேன். இரண்டுக்கும் எனக்கு வழியில்லாமல் போயிற்று.

அதன்பிறகு வேதத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை அக்கா. எல்லாம் படிப்பில் சொல்லிக் கொடுத்ததுதான், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். தசமபாகம் என்பது வயலும் மந்தையும் வைத்திருந்த ஒரு ஜனத்துக்கு நியாயப்பிரமாணம் என்ற பழைய வேதச் சட்டத்தில் சொன்னது. விளைந்த தானியத்தில், எண்ணெயில், ஆட்டில், மாட்டில். ஆபிரகாம் அதற்கு முன்பே கொடுத்தாரே என்பார்கள். கொடுத்தார், யாரும் கட்டாயப்படுத்தாமல் கொடுத்தார். அப்போஸ்தலர்கள் சபைகளுக்கு எழுதும்போது பத்தில் ஒன்று என்று எந்த இடத்திலும் வரி போடவில்லை. அவரவர் மனதில் தீர்மானித்தபடி, சந்தோஷமாகக் கொடுக்கச் சொன்னார்கள்.

நம் ஆட்களுக்கு நிலம் ஏது? நட்டவள் நீ, அறுத்தவள் நீ, மூட்டை போனது வேறு வீட்டுக்கு. நிலம் வைத்திருந்தவனுக்குச் சொன்னதை உன் கூலியின் மேல் வைத்தேன். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அந்தப் பத்தில் ஒரு பங்கை ஊரிலிருக்கும் அநாதைகளும் விதவைகளும் தின்று திருப்தியாக வேண்டும் என்றும் அதே நியாயப்பிரமாணத்தில் இருக்கிறது. அதை ஒரு ஞாயிறுகூட நான் பிரசங்கித்ததில்லை. உனக்குக் கொடுத்திருக்க வேண்டியதை உன்னிடமிருந்து வாங்கினேன்.

தெரிந்தும் ஏன் அப்படிப் பேசினேன்? வாடகைக்குப் பயந்தேன். என் பிழைப்புக்குப் பயந்தேன். அதற்குக் கடவுளுடைய கோபத்தைத் துணைக்கு அழைத்தேன்.

பொங்கல் கழிந்த இரண்டாவது ஞாயிறு, சபையில் இதைச் சொன்னேன். தசமபாகம் இன்றைக்கு யாருக்கும் கட்டளை இல்லை, கொடுக்காதவர் திருடரும் இல்லை, இத்தனை வருஷம் நான் பயமுறுத்தியதற்கு மன்னித்துவிடுங்கள் என்றேன். உன் பெயரையும் சொன்னேன். ஒரு ஆமென் இல்லை. 

ஆராதனை முடிந்ததும் நம் சபை மூப்பர் மாசிலாமணி அண்ணன் வந்தார்.

"இன்னா பாஸ்டர், இப்டிப் போட்டு ஒடச்சிட்டீங்க? எங்கப்பன் குடிச்சே அழிச்ச வூடு எங்குளுது. மொதப் பங்கு ஆண்டவருக்குன்னு எடுத்து வெக்க ஆரம்பிச்சப்புறம்தான் நான் மனுசனானேன். அது பொய்யா அப்போ?"

"பொய் இல்லண்ணே. நீங்க சந்தோஷமா குடுங்க. குடுக்க முடியாதவங்கள நான் இனிமே மெரட்ட மாட்டேன், அவ்ளோதான்."

"எஸ்தரு பயந்துகினா குடுத்துச்சு? அந்தப் பொண்ணு சிரிச்சிகினே குடுக்கும். அதக் கொச்சப்படுத்தாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் அவர் வரவில்லை.

அவர் சொன்னது இன்னும் முள்ளாகக் குத்துகிறது. நீ அன்பினால் கொடுத்தாயா, பயத்தினால் கொடுத்தாயா, அக்கா? அன்பினால்தான் என்றால் இந்தக் கடிதமே உனக்கு அவமானம். பயத்தினால் என்றால் அந்தப் பயத்தை உனக்கு ஊட்டியவன் நான். நீ வளர்த்த பிள்ளை.

மூன்று குடும்பங்கள் வேறு சபைக்குப் போய்விட்டன. இருப்பவர்கள் கொடுப்பதில் வாடகை முழுதாக வருவதில்லை. வாரநாட்களில் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். உடம்பு ஒத்துழைக்கிறது, கவலைப்படாதே.

கிரேஸிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். "அம்மாவுக்கு உங்க மேல கோவமே வரல மாமா. அதான் எனக்குக் கோவம்" என்றாள். அவள் சபைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.

போன மாதம் அவளே போன் செய்தாள். மார்பில் ஏதோ வலி, பயமாக இருக்கிறது என்றாள். மறுநாள் காலையிலேயே ஆஸ்பத்திரியில் இருந்தோம். சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, ஸ்கேனுக்குக் காத்திருந்தோம்.

"வேனு யாரு மாமா ஓட்டறா?"

"லீவு போட்டுட்டேன்."

"சம்பளம் புடிப்பாங்களே?"

"புடிக்கட்டும்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகிறாளா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. மூன்று நாள் அலைந்தோம். ஒன்றுமில்லை, ஆனால் அம்மாவுக்கு இருந்ததால் வருஷா வருஷம் வந்து காட்ட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். வெளியே வந்ததும் பசிக்கிறது என்றாள். இரண்டு பேரும் பரோட்டா சாப்பிட்டோம். நீ போன பிறகு அவள் என்னிடம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது அதுதான் முதல் முறை.

வருஷா வருஷம் அவளை நானே கூட்டிப்போவேன் அக்கா. அவள் சபைக்கு வந்தாலும் சரி, வராமலே போனாலும் சரி. சபை நின்றாலும் சரி, கூரை போனாலும் சரி. இதற்கு மேல் உனக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

கிரேஸின் தாய்மாமன்,
உன் தம்பி சாமு