ஜாடி அடியில் நாலு விரல்

சீனப் பேரரசரின் சுவான்ஹெ ஆறாம் ஆண்டு, எட்டாம் மாதம், 3

பதினோரு ஜாடிகளில் பியோனிப் பூ செதுக்கினேன். வெள்ளைப் பூச்சு இன்றுதான் பதமாக இருந்தது. கத்தி வைத்ததும் சுருள் சுருளாக உரிந்து, கீழே பழுப்பு மண் தெரிந்தது. நேற்று எங்கள் முக்குகாரப் பையன் மியாவ் பூச்சில் முக்கித் தந்தவை அத்தனையும் பொரிந்து உதிர்ந்துவிட்டன. சூளையை நடத்தும் என் அண்ணன் அவனை எல்லார் முன்னாலும் பலகையால் சாத்தினான். "சுண்டுவிரல் போனப்பவே மூளையும் போச்சாடா?" சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

5

பூச்சுக்கு வெள்ளை மண் தோண்டும் குழியில் எதிர்ச்சூளைக்காரர்களோடு மறுபடி தகராறு. அவர்களுடைய செதுக்குகாரன் ஷாங் ருய் என்னைப் பார்த்துக் கத்தினான்: "உங்கண்ணன் இன்னொரு தடவ எல்லை தாண்டட்டும், இங்கயே பொதைக்கிறேன்!"

6

அண்ணன் குழியில் கிடந்தான். கழுத்தை நெரித்து, மண்டையில் கல்லைப் போட்டிருக்கிறார்கள். குளிப்பாட்டியது நான். கழுத்தில் ஒரு கையின் பூச்சு விரல் விரலாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. துடைத்தேன். ருய்தான். வேறு யார்?

அண்ணி அழவில்லை. "இன்னும் என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீங்க, கொழுந்தனாரே?"

7

முடித்துவிட்டேன். ருய்யின் வலது கையை அவன் வாசற்படிக் கல்லில் வைத்து, சுத்தியலால், ஒவ்வொரு விரலாக. ஐந்தும். "எம்புள்ள மேல ஆணையா நான் இல்லடா!" என்று அலறினான். "இனிமே கத்தி புடிடா பாக்கலாம், நாயே!" எனக்கு நிறைவாக இருந்தது. ஏன் மறைக்க வேண்டும்?

10

வேலைக்குத் திரும்பினேன். முதல் ஜாடியின் அடியில், முக்கும்போது மியாவ் பிடித்த இடத்தில், பூச்சு படாத விரல் தடங்கள். தினமும் பார்ப்பதுதான். பெருவிரல், எதிரே மூன்று.

நாலு.

அண்ணன் கழுத்திலும் நாலுதான். நானே துடைத்தேனே! ருய்யின் கையில் ஐந்தையும் எண்ணி எண்ணி உடைத்தேனே — கண்ணு அவிஞ்சா போச்சு எனக்கு?

11

மியாவைச் சூளை வாயிலில் பிடித்தேன். "ஆமாண்ணே, நான்தான். எல்லாரும் சிரிச்சீங்கல்ல?" பல் தெறிக்க அடித்தேன். நெருப்பில் தள்ளப் போனேன். நாலு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். காவலர்கள் அவனை இழுத்துப் போனார்கள்.

12

ருய் வீட்டு வாசலில் மண்டியிட்டேன். அவன் மனைவி கொதிநீரை என் தோளில் ஊற்றினாள். ருய் கைக்கட்டோடு வெளியே வந்தான். "உன் மன்னிப்ப வச்சு நான் என்னத்தடா செதுக்குறது?"

கல்லில் ரத்தம் இன்னும் கழுவப்படவில்லை. இன்றும் சுத்தியலை நான்தான் கொண்டுபோயிருந்தேன்.

ஒன்பதாம் மாதம், 20

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணுகிறது. ருய்யும் அன்று சுத்தியலை இடது கையால்தான் பிடித்தான். இரண்டு அடிகள் குறி தவறிக் கல்லில் விழுந்தன. என் வலது கையின் ஐந்து விரலும் முடிந்ததும் சுத்தியலைப் போட்டுவிட்டு உள்ளே போனான்.